வாழ்த்து வேண்டாம், பிரிட்ஜ் தாருங்கள்

போன வருடம் ஒக்டோபர் கடைசியில் எங்கள் அறையில் ஒரு ஸ்வெட்டர் முடிந்தது. சாம்பல் நிறம், வட்டக் கழுத்து, முழுக்கை. கையால் பின்னியது. லெக்சருக்கும் போய், இரவில் மட்டும் பின்னினாலும் இரண்டு, இரண்டரை மாதத்தில் முடிகிற வேலை. இது பத்து மாதம் எடுத்தது. அந்தப் பத்து மாதத்தில் என்ன நடந்தது, யார் யார் என்னென்ன சொன்னார்கள், யார் என்ன செய்யாமல் விட்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறோம். கோபமாகத்தான் எழுதுகிறோம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒரே விடுதி, ஒரே அறை, ஒரே கலைப்பீடம். ஒருத்தி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டம், ஒருத்தி யாழ்ப்பாணம், ஒருத்தி மட்டக்களப்பு. நுவரெலியாக்காரிக்கு 22 வயதில் சீனி வருத்தம் என்று கண்டுபிடித்தார்கள். ஊரைச் சொன்ன நாங்கள் பேரைச் சொல்லப் போவதில்லை. பேரோடு எழுத அவள் சம்மதித்தாள். அவளுடைய அம்மா சம்மதிக்கவில்லை. "நாளைக்கு ஒன்னய எவன் கட்டுவான்?" என்று போனில் கேட்டாராம். அம்மாவோடு சண்டை பிடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவருடைய வாயில் வைத்த சமூகத்தோடு சண்டை இருக்கிறது.

ஸ்வெட்டர் அந்த அம்மாவுக்குத்தான். காலையில் மலையில் ஏறிக் கொழுந்து பறிக்கிறவர். விறைக்கிற குளிரில், லயத்திலிருந்து இறங்கும்போது போட்டுக்கொள்ளக் கடைத்தெருவில் வாங்கிய பழைய ஸ்வெட்டர் ஒன்றுதான் அவரிடம் இருந்தது. ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களுக்குக் கம்பளி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவள் இவள். "எங்கம்மாவுக்கு யார்ட கணக்கிலயும் ஏறாத ஒரு கம்பளி வேணும்" என்று சொல்லித்தான் ஜனவரியில் எட்டாம் இலக்க ஊசியும் பத்துப் பந்து நூலும் வாங்கினாள்.

பெப்ரவரி முடிவில் முதுகுப் பாகம் முடிந்தது. அதே நேரத்தில் அவள் மெலிந்துகொண்டு போனாள். ராவில் நாலைந்து தரம் எழும்பிப் பாத்ரூம் போனாள். ஒன்றரை லீற்றர் போத்தல் தண்ணி ஒரு லெக்சருக்குக் காணாமல் போனது. நாங்கள் என்ன செய்தோம்? "டயற் பிளான் என்ன, எங்களுக்கும் சொல்லு" என்று பகிடி விட்டோம். மார்ச்சில் ஒரு நாள் அவள் கண்ணிகளை எண்ண முடியவில்லை என்றாள். ஊசி இரண்டாகத் தெரிகிறதாம். அப்போதும் கண்ணாடி மாற்றச் சொன்னோமே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி 480க்கு மேல். சாப்பிடாமல் எடுக்கும் பரிசோதனையில் 126 வந்தாலே நீரிழிவு என்று கணக்கு.

முதலாம் வகை நீரிழிவு என்று டொக்டர் சொன்னார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடும் நோய் அது. சீனி கூடச் சாப்பிட்டதால் வருவதில்லை. சோம்பேறித்தனத்தால் வருவதில்லை. அவள் செய்த, செய்யாமல் விட்ட எதனாலும் வந்ததில்லை. இதை இவ்வளவு தெளிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வாட்டிலிருந்து அறைக்குத் திரும்பிய முதல் கிழமையில் அவளைப் பார்க்க வந்த பதினைந்து பேரில் பதின்மூன்று பேர் கேட்ட முதல் கேள்வி: "அப்ப நீ நல்லா இனிப்புச் சாப்பிடுவியோ?"

இந்தக் கேள்வி அக்கறை மாதிரித் தெரியும். உண்மையில் அது விசாரணை. குற்றம் நடந்திருக்கிறது, குற்றவாளி முன்னால் இருக்கிறாள், ஒப்புக்கொள்ளட்டும் என்கிற தோரணை. அவள் "இல்லை" என்றால் நம்ப மாட்டார்கள். "ஓம்" என்றால் நிம்மதி அடைவார்கள். ஏனென்றால் அவர்கள் அவ்வளவாக இனிப்புச் சாப்பிடுவதில்லை, ஆகவே அவர்களுக்கு வராது. நோயாளியின் மீது பழி போடுவதால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் லாபம் இதுதான்.

"சரி, இவளுக்கு முதலாம் வகை, இவள் பாவம். மற்றவர்கள் தின்று தேடிக்கொண்டவர்கள்தானே" என்று யாராவது வரப் போகிறீர்கள். அந்த வழியிலும் தப்ப விடமாட்டோம். எங்கள் யாழ்ப்பாணக்காரியின் அப்பாவுக்கும் மட்டக்களப்புக்காரியின் பெரியம்மாவுக்கும் இரண்டாம் வகை. குடும்ப வழியும் வயதும் உடல் அசைவும் சாப்பாடும் எல்லாம் சேர்ந்து வருவது அது. தெற்காசிய உடம்புகளுக்கு அவ்வளவு பருமன் இல்லாமலே வருகிறது. 1992 இல் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: கருவில் போசாக்குக் குறைந்து, நிறை குறைவாகப் பிறக்கும் பிள்ளைக்குப் பிற்காலத்தில் இந்த நோய் வரும் ஆபத்து கூடும் என்று. இலங்கையில் நிறை குறைந்த பிள்ளைகள் அதிகம் பிறப்பது எந்தப் பகுதியில் என்று கேட்டுப் பாருங்கள். தோட்டப் பகுதி. அப்படியென்றால் ஒரு தாயின் பட்டினி அவளுடைய பிள்ளையின் ஐம்பதாவது வயதில் சீனியாக வந்து நிற்கலாம். அதற்கு யாரைக் குற்றம் சொல்லப் போகிறீர்கள்? காலையில் கோதுமை மா ரொட்டி, பத்து மணிக்குச் சீனி போட்ட தேத்தண்ணி, பகலுக்கு மறுபடி ரொட்டி. இதை யாரும் ஆசைக்குத் தின்னவில்லை. கையில் வருகிற நாட்கூலிக்கு மலையில் நிற்கத் தேவையான சக்தியை மலிவாகத் தருவது இதுதான்.

சீனியைப் பற்றிப் பேச இந்த நாட்டுக்கு ஆசையென்றால் சீனியைப் பற்றியே பேசுவோம். 2016 ஓகஸ்டில் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடச் சொன்னார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2017 நவம்பரில் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டார்கள். நல்லது. பிறகு 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்கான விசேட பண்ட அறவீட்டை ஒரு கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். கடையில் விலை அதற்கேற்ற மாதிரி இறங்கவில்லை. லாபம் எங்கே போனது என்று நாடாளுமன்றத்திலேயே சத்தம் வந்தது. 2023 நவம்பரில் மறுபடி 50 ரூபாயாக்கினார்கள். ஒரு கப்பல் சீனியில் கோடிக் கணக்கில் விளையாடுகிறவர்களிடம் யாரும் "நீங்கள் நல்லா இனிப்புச் சாப்பிடுவீர்களோ" என்று கேட்பதில்லை. ஒரு பெண்பிள்ளை கன்டீனில் ஒரு பணிஸ் எடுத்தால் மட்டும் ஐந்து பேர் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இனி மருந்து சொல்கிறவர்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணி, கறிவேப்பிலை, கொத்தலஹிம்புட்டுக் கட்டையில் செய்த கோப்பை. பட்டியல் நீளம். மே மாதத்தில் ஒரு தூரத்து உறவுக்கார மாமா அந்தக் கோப்பையைக் கொண்டுவந்து கொடுத்து, "ஊசி பழகினா வுடாது புள்ள, ரெண்டு நாளைக்கு நிப்பாட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் நிப்பாட்டினாள். ஊசி போட்டுக் களைத்திருந்தாள், அதுதான் உண்மை. நாங்கள் இரண்டு பேரும் அறையில்தான் இருந்தோம். தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. "இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்று நினைத்தோம். மூன்றாம் நாள் ராத்திரி வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குகிறது, வாயில் பழம் அழுகின மாதிரி வாசம். ஓட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போனோம். வாட்டில் இருந்த டொக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா..." என்று சொல்லி மிச்சத்தை விட்டுவிட்டார்.

1922 ஜனவரியில் கனடாவில், டொரொன்டோவில், லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன் முதலாம் வகை நீரிழிவு வந்த பிள்ளைகளுக்கு முடிவு ஒன்றுதான். பாகற்காய் அப்போதும் உலகத்தில் இருந்தது. வெந்தயமும் இருந்தது. பிள்ளைகள் இறந்தார்கள். கண்டுபிடித்தவர்கள் அடுத்த வருடம் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். இப்படிக் கிடைத்த ஒன்றை "கெமிக்கல்" என்று ஒதுக்கச் சொல்கிறவர்கள், அதை ஒதுக்கினால் வரும் பிணத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். பாகற்காய்க் கறி எங்களுக்கும் விருப்பம். அதைக் கறியாகத் தாருங்கள்.

எங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த இரவுக்குப் பிறகு நாங்கள் மற்றப் பக்கம் சாய்ந்தோம். அவளுடைய பிஸ்கற்றை ஒளித்து வைத்தோம். சோற்றுக் கரண்டியை எண்ணினோம். "இது நீ சாப்பிடலாமா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்டோம். ஒரு நாள் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு வருத்தம் வந்தது கணையத்தில. நீங்க எதுக்கு என்னோட வாய்க்குக் காவல் நிக்கிறீங்க?" பதில் இல்லை. பதினைந்து பேரில் பதின்மூன்று பேரைத் திட்டினோமே, நாங்கள் பதினான்காவதும் பதினைந்தாவதும்.

ஸ்வெட்டருக்கு வருவோம். நூல் தீர்ந்தது ஜூலையில். இரண்டு பாகமும் ஒரு கையும் முடிந்து, மற்றக் கை பாதியில் நின்றது. ஒரு முறை வாங்கியதில் இரண்டு பந்து காணாமல் போயிற்று. இன்னும் இரண்டு பந்து வாங்கக் காசு இருந்திருக்கும், குளுக்கோமீற்றர் ஸ்ட்ரிப் இல்லாவிட்டால். இன்சுலின் அரச கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் பெரிய நல்ல விஷயங்களில் அது ஒன்று, அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு இன்சுலின் போடலாம் என்று தெரிந்துகொள்ள விரலைக் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்பை அவள் பார்மசியில் காசு கொடுத்து வாங்குகிறாள். மகாபொல வருகிற மாதம் வரும், வராத மாதம் வராது. ஒரு நாளைக்கு நாலு தரம் பார்க்க வேண்டியதை ஒரு தரம் பார்த்தாள். மிச்சம் பிடித்த காசில் நூல் வாங்கலாமா, இன்னொரு பெட்டி ஸ்ட்ரிப் வாங்கலாமா என்று கொப்பியில் கணக்குப் போட்ட பக்கத்தை நாங்கள் பார்த்தோம். அம்மாவின் கையா, தன்னுடைய விரலா என்பதுதான் கணக்கு. நாங்கள் காசு போட்டு வாங்கிய இரண்டு பந்தும் வேறு சாயத் தொகுதி. இடது கை முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கறுப்பாக இருக்கும். அப்படியே விட்டாள்.

பின்னல் அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்பார்கள். சில நாள் இருந்தது. சில நாள் எரிச்சலாக இருந்தது. குத்திய விரல் நுனியில் நூல் உரசினால் வலிக்கும். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தச் சொல்லிக் கொடுத்தது கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா. சீனி இறங்கும்போது கை நடுங்கும், கண்ணி நழுவும், நாலு வரி கீழே போயிருக்கும். விடியக்காலை ஐந்தரைக்கு நம்பர் எடுத்துப் பத்து மணி வரை காத்திருக்கிற அந்த வாங்கில்தான் முன்பாகத்தில் பாதி முடிந்தது. கழுத்துக்குக் கண்ணி குறைக்கத் தெரியாமல் இருந்தபோது அதே அம்மாதான் வாங்கிப் பிரித்துத் திருப்பிப் பின்னிக் காட்டினார். அதே மூச்சில், காலையில் இன்சுலின் போட்டால் எத்தனை மணிக்குள் பகல் சாப்பாடு வேண்டும், கையில் எப்போதும் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். அவர் முப்பது வருடமாக ஊசி போடுகிறவர். எங்கள் நூலகத்தில் இருக்கும் எந்தப் புத்தகமும் எங்களுக்கு அவ்வளவு பயன்படவில்லை.

இதையெல்லாம் கேள்விப்பட்ட ஒரு மாணவர் அமைப்பு நவம்பர் 14, நீரிழிவு தினத்துக்கு அவளுடைய படத்தைப் போட்டு ஒரு போஸ்டர் அடிக்கக் கேட்டது. "நோயை வென்ற நூல்" என்று தலைப்பும் வைத்திருந்தார்கள். அவளும் நாங்களும் மறுத்தோம். கோபித்துக்கொண்டார்கள். "பொசிட்டிவ்வாத்தானே சொல்றம்" என்றார்கள்.

அவள் எதையும் வெல்லவில்லை. ஸ்வெட்டர் முடிந்த அன்றைக்கும் இரண்டு ஊசி போட்டாள், அடுத்த நாளும் போட்டாள், உயிர் இருக்கும் வரை போடுவாள். ஸ்வெட்டரை முடித்தது அவளுடைய மன உறுதி என்றால், முடிக்காமல் விட்டிருந்தால் மன உறுதி இல்லாதவளா? நாளைக்குச் சீனி ஏறினால் அதுவும் உறுதி குறைந்ததாலா? இந்த வீர வாழ்த்தும் அந்த இனிப்புக் கேள்வியும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், மற்றவர்கள் கையில் இருப்பதைப் பற்றி யாரும் பேசத் தேவையில்லை.

மற்றவர்கள் கையில் இருப்பது என்ன? சொல்கிறோம்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வரையில் வைக்க வேண்டும். எங்கள் விடுதியில் மாணவர்களுக்குப் பிரிட்ஜ் இல்லை. நிர்வாக அறையில் இருக்கிறது, ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் இரண்டு மண்சட்டி வாங்கி, இடையில் ஈர மணல் போட்டு, உள்ளே மருந்தை வைத்தோம். வெயில் நேரத்தில் கொஞ்சம் குளிர்மை தரும், 8 டிகிரிக்கு இறங்காது. ஒரு சின்னப் பிரிட்ஜ் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். "ஒராளுக்காக எப்படி வாங்கிறது?" என்று பதில் வந்தது. ஒராள்தான் என்று எப்படித் தெரியும்? நாங்கள் அறை அறையாகப் போய்க் கேட்டபோது இன்னும் இரண்டு பேர் கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார்கள். கல்யாணச் சந்தைக்குப் பயந்து ஒளிக்கிறவர்களை எண்ணிக்கையில் காட்டச் சொல்வது எந்த நியாயம்?

காலையில் போட்ட இன்சுலினுக்குப் பகல் சாப்பாடு நேரத்துக்கு வேண்டும். எங்கள் கால அட்டவணையில் பன்னிரண்டு தொடக்கம் இரண்டு வரை லெக்சர். இரண்டு மணிக்குக் கன்டீனில் மிஞ்சுவது வெள்ளைச் சோறும் ஒரு கறியும், அல்லது ரோல்ஸ். இரத்தத்தில் சீனி 70க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் அளவு இனிப்பு எடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். செப்டெம்பர் பரீட்சையில் அவளுடைய பையிலிருந்த டொபிகளை மண்டப வாசலில் வாங்கி வைத்தார்கள். "சீனி வருத்தம் எண்டுறீங்க, டொபி எதுக்கு?" என்று கேட்டாராம் மேற்பார்வைக்கு நின்றவர். படித்தவர், எங்களுக்குப் படிப்பிக்கிற இடத்தில் இருப்பவர். அவள் கடைசி அரை மணித்தியாலம் எழுதிய விடையை அவளாலேயே இப்போது வாசிக்க முடியவில்லை என்கிறாள்.

ஆகவே கேட்கிறோம். விடுதிக்கு ஒரு பிரிட்ஜ், இரவிலும் திறக்கக்கூடிய இடத்தில். பரீட்சை மண்டபத்துக்குள் குளுக்கோஸ், டொபி, குளுக்கோமீற்றர் கொண்டுபோக எழுத்தில் அனுமதி. பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியால இடைவேளை. அது நோயில்லாதவர்களுக்கும் பசிக்கிற நேரம்தான். கிளினிக் நாளில் வராமல் விட்டால் வரவில் கழிக்காத ஏற்பாடு. இவற்றில் எதற்கும் மன உறுதி தேவையில்லை, ஒரு கையெழுத்துப் போதும்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று. உங்கள் அறையில், வகுப்பில், வீட்டில் யாருக்காவது இந்த வருத்தம் என்று தெரிந்தால், என்ன சாப்பிட்டாய் என்று கேட்காதீர்கள். சீனி இறங்கினால் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு, மனப்பாடம் பண்ணுங்கள். நாங்கள் மே மாதத்தில் கேட்கவில்லை.

ஸ்வெட்டர் நவம்பரில் தோட்டத்துக்குப் போனது. அம்மா போட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு கை மட்டும் ஏன் புள்ள கறுத்துக் கெடக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஸ்ட்ரிப் கதையை முதல் முறையாக அம்மாவிடம் முழுக்கச் சொன்னாளாம். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த மாதம் சம்பளம் எடுத்ததும் ஸ்ட்ரிப் வாங்க என்று இரண்டாயிரம் ரூபாய் அனுப்பியிருந்தார். அந்தக் காசை அனுப்ப வேண்டிய ஆள் அந்த அம்மா இல்லை.

அடுத்த பரீட்சை பெப்ரவரியில். அவள் டொபி கொண்டு போவாள். வாசலில் கேட்டால் கொடுக்கமாட்டாள். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருடைய மேசையிலும் டொபி இருக்கும். வகுப்பில் இதுவரை பதினொரு பேர் தாங்களும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் அதே மண்டபத்தில் எழுதுகிறவர் என்றால், ஒன்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.